கடைவாய்ப்பல்லுக்கு ஒரு புல்லாங்குழல்

திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்திருந்த பல் செட்டில், இடது பக்கத்துக் கோரைப்பல் வலது பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்த மாசத்துல இது மூணாவது," என்றார் முதலாளியம்மா. அவர் கத்தியிருந்தாலாவது தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "பல் டாக்டர் போன்ல என்ன சொன்னார் தெரியுமா? இந்த வாரம் பதினோரு செட் போகணும். அதுல ஒண்ணு திரும்பி வந்தாலும் வேற இடம் பாத்துக்குவாராம்."

சூப்பர்வைசர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்த டாக்டர் போனால் பாதி வேலை போய்விடும். பாதி வேலை போனால், இரண்டு பேருக்கு ஒரு சூப்பர்வைசர் எதற்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி அவருக்கே சில சமயம் வந்ததுண்டு. உடனே எழுந்து போய் யாரையாவது மேற்பார்வை செய்து அதை விரட்டிவிடுவார்.

"அவங்க ரெண்டு பேருக்கும் வேலையில கவனம் நிக்க மாட்டேங்குதும்மா, அதான்."

"அப்ப நிக்க வைங்க. என் தங்கச்சி ஆபீஸ்ல நாள் முழுக்க மெதுவா மியூசிக் ஓடுமாம். பாட்டு இல்ல, வெறும் வாத்தியம். எல்லாரும் நிமிராம வேலை பாக்கறாங்களாம். நீங்களும் நல்லதா ஏதாவது பாத்துப் போடுங்க."

பல் செட் செய்யும் கூடத்தில் இரண்டே மேசைகள். ஜன்னலோரத்தில் மெழுகு அக்கா. தாடை அச்சின் மேல் ரோஜா நிற மெழுகை உருக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டுவைப்பார். சுவரோரத்தில் பாலிஷ் அண்ணன். முடிந்த செட்டைக் கால்விசை மெஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். நாளெல்லாம் சேர்த்தால் நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

சூப்பர்வைசர் வீட்டிலிருந்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, புல்லாங்குழல் போட்டார். ஐந்து நிமிடம் பொறுத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"எப்படிக்கா இருக்கு? கவனம் வருதா?"

மெழுகு அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எது சார்?"

"மியூசிக்."

"ஓ. நல்லாத்தான் இருக்கு சார்."

"சும்மா நல்லாருக்கா, இல்ல கவனம் வர்ற மாதிரி நல்லாருக்கா?"

அக்கா யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மெழுகு ஆறிப்போய், பாதி நட்ட கடைவாய்ப்பல் சாய்ந்தபடியே இறுகிவிட்டது. நோட்டில் 'புல்லாங்குழல், மந்தம்' என்று எழுதிக்கொண்டு, சூப்பர்வைசர் பியானோவுக்கு மாறினார்.

பியானோ பிரமாதமாக வேலை செய்தது. பாலிஷ் அண்ணனின் கால் விசையை மிதிப்பதில் ஒரு தாளம் வந்தது. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேசைக்கடியில் குனிந்தே பார்த்துவிட்டார்.

"அண்ணே, உங்க கால் தாளம் போடுதே! கவனிச்சீங்களா?"

அதுவரை அண்ணன் கவனித்திருக்கவில்லை. இப்போது காலைக் கவனித்தார். கையிலிருந்த செட்டில் ஒரு முன்பல்லின் முனை பறந்தது.

செவ்வாய்க்கிழமை ஓடைச் சத்தம் போட்டார். அரை மணி நேரத்துக்குள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கழிப்பறைக்குப் போனார்கள். முதலில் போனவர் சூப்பர்வைசர்தான். ஆனாலும் காரணம் உறுதியாகத் தெரிய வேண்டாமா? கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, இது தண்ணிச் சத்தத்தாலயா, இல்ல வழக்கமா வர்றதா?" என்று கேட்டார். உள்ளே அக்கா குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

மதியம் வயலின்.

"ஏங்க்கா அழறீங்க?"

"அழலை சார். உத்துப் பாத்துட்டிருந்தேன்."

"இல்ல, வயலின் கொஞ்சம் சோகம்தான். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பொண்ணு போன் பண்றாளா?"

பெண் போன் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. அக்கா நிஜமாகவே அழ ஆரம்பித்தார். மீதி மதியம் ஆறுதல் சொல்வதிலேயே போயிற்று.

அன்று மாலை தேறியவை இரண்டே செட். சூப்பர்வைசருக்குப் பயமாக இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர்கள் இருவரும் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டார். இவ்வளவு பாடுபட்டும் ஏன் நடக்கமாட்டேன் என்கிறது?

வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"அவங்க தலையிலயா சோதிச்சுப் பாப்பீங்க?" என்றாள் அவள். "தனியா உக்காந்து கேட்டு, ஒரு முடிவுக்கு வந்துட்டு அப்புறம் போடுங்க."

புதன்கிழமை காலை ஸ்பீக்கரில் ஒரு கிடார் இசையை ஓடவிட்டு, "இது தற்காலிகம்தான். அட்டவணை தயாரானதும் வந்து மாத்தறேன்," என்று அறிவித்தார். தாடை அச்சு வார்க்கும் மாவு மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மூன்று நாள் உட்கார்ந்தார். நூற்று நாற்பது இசைத்துண்டுகள் கேட்டார். காலை ஒன்பது மணிக்கு எது, சாப்பாட்டுக்குப் பின் கண்ணைச் சொக்கும்போது எது, வீட்டு ஞாபகம் வரும் ஐந்து மணிக்கு எது என்று கோடு போட்டு எழுதினார். நடுநடுவே, போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று எழுந்தார். பாதியில் விட்டால் மதிப்பீடு கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடும் மூட்டை மேல்தான்.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

"டாக்டர் போன் பண்ணினார். பதினோரு செட்டும் கச்சிதமாம்! ஒண்ணுகூடத் திரும்பல. அடுத்த வாரம் இருபது கேக்கறார்."

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் தற்காலிகக் கிடாருக்கே இப்படி என்றால், அட்டவணை வந்தால்? கதவு லேசாகத் திறந்திருந்தது. வேலையில் மூழ்கிய தோற்றத்திலேயே முதலாளியம்மா தம்மைக் கண்டுபிடிக்கட்டும் என்று ஹெட்போனைக் காதில் சரியாக வைத்துக்கொண்டு, எதையும் ஓடவிடாமல், தாளின் மேல் குனிந்தார்.

"என்ன மியூசிக்ங்க அது?" என்று கேட்டார் முதலாளியம்மா. "நம்ம இன்னொரு கிளையிலயும் போடச் சொல்லணும்."

மெழுகு அக்கா, பாலிஷ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மெஷினை நிறுத்தினார். கதவிடுக்கு வழியாக ஹெட்போனைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்:

"மியூசிக் எதுவா வேணா இருக்கட்டும்மா. சார் மட்டும் அந்த ரூம்லயே உக்காந்து தேடிக்கிட்டே இருக்கட்டும்."