கடலைப் பார்த்து இருநூறு மீற்றர்

ஐரோப்பாக் கண்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பூகோளப் புத்தகங்கள் இன்றுவரை பிழையான விடையையே சொல்லி வருகின்றன. 2005 பெப்ரவரி தொடக்கம் அது கல்முனைக்குத் தெற்கே, கடலிலிருந்து முக்கால் கிலோமீற்றர் உள்ளே, ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தது. பரப்பளவு மூன்று ஏக்கர். நாடுகள் நான்கு: பின்லாந்து, டென்மார்க், இத்தாலி, ஸ்பெயின். சனத்தொகை தொண்ணூற்றாறு குடும்பம். கூரை தகரம், சுவர் தகரம், கதவும் தகரம்.

சுனாமிக்குப் பிறகு எந்த நாடு எந்தக் கொட்டில் வரிசையைக் கட்டித் தந்ததோ, அந்த நாட்டின் பெயர்ப்பலகை அந்த வரிசையின் தலைப்பில் நடப்பட்டது. ஆறு மாதத்துக்குள் எங்கள் பழைய தெருக்கள், ஒழுங்கைகளின் பெயர்களை நாங்களே மறந்து போனோம். மீன் விற்க வருகிறவர், "டென்மார்க்குக்குக் கடன் இல்ல, இத்தாலிக்குத் தரலாம்" என்பார். குழாய்க்கிணறு ஸ்பெயினுக்குள் இருந்தபடியால் காலை ஆறு மணிக்கு அங்கே தினமும் சர்வதேசப் பிரச்சினை எழும்.

நான் பின்லாந்து. பெயர் கச்சிமுகம்மது, கொட்டில் இலக்கம் பத்து, முகாம் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். பாடசாலையில் கடிதம் எழுதுதலில் எனக்கு எப்போதும் அதிகூடிய புள்ளி. அந்தத் தகைமையைக் கொண்டு இக்கண்டத்தின் சார்பில் இருநூற்றுப் பதினொரு கடிதங்கள் அனுப்பியுள்ளேன். பதில் ஏழு. அவற்றில் ஐந்து, கடிதம் கிடைத்தது என்பதை அறியத் தந்தவை.

"தற்காலிகம்" என்றால் ஆறு மாதம் என்று ஆரம்பத்தில் எங்களுக்குப் பிழையாக விளங்கியிருந்தது. மூன்றரை வருடம் என்று பின்னர் திருத்திக்கொண்டோம். 2008இல் நிரந்தர வீடுகள் கட்டி முடிந்தன. மொத்தம் இருபத்துநான்கு. தொண்ணூற்றாறு குடும்பத்துக்கு இருபத்துநான்கு வீடு என்பது விவரம் தெரியாதவர்களுக்குத்தான் குறைவாகத் தோன்றும். நான்கு நாடுகளின் கூட்டு அலுவலகம் அதை "இருபத்தைந்து வீத அடைவு" என்று அறிக்கையில் எழுதியிருந்தது. வாசித்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிறு தாமதம். காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்களுக்கு என்று முதலாம் பட்டியல் ஒட்டினார்கள். உறுதிகளைக் கடல் எடுத்துப்போயிருந்தபடியால் அந்தப் பட்டியலில் தலைப்பு மட்டும் இருந்தது. இரண்டாம் பட்டியலில் பெயர்கள் இருந்தன, ஆட்களைத்தான் எவரும் கண்டதில்லை. அது பசை காயும் முன்பே கிழிந்தது. மூன்றாம் பட்டியலை எங்கள் மக்கள் விளம்பரப் பலகையோடு கழற்றி அடுப்புக்கு வைத்தார்கள்.

இந்த இக்கட்டான கட்டத்தில் கூட்டு அலுவலகத்தின் இணைப்பாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். நுவரெலியாப் பக்கத்து மனிதர், மாற்றலாகி வந்து மூன்று மாதம். ஏழு பேர் இருக்கும் அறையிலும் கை ஒலிபெருக்கியில்தான் கதைப்பார். ஐரோப்பாவிலே நாடுகளுக்கிடையில் குழுத் தடகளப் போட்டி ஒன்று நடக்கிறதாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நாட்டிலிருந்து ஒருவர். முதலாவதாக வருகிறவருக்கு இத்தனை, இரண்டாவதாக வருகிறவருக்கு இத்தனை என்று புள்ளிகள். கூட்டிப் பார்த்து அதிகம் எடுத்த நாடு வெற்றி, கடைசி நாடு கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வீடுகளையும் அப்படியே கொடுத்தால் என்ன? வெல்லும் நாட்டுக்கு இருபத்துநான்கு வீடும். கடைசி நாட்டைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கத் தோட்டத்தின் பள்ளப் பக்கம், மாரியில் வெள்ளம் நிற்குமிடம், தயாராக இருக்கிறது. இதன் பெயர் "வெளிப்படைத்தன்மை" என்றார்.

டென்மார்க்கின் தலைவர் நூஹு எழுந்தார். சுனாமிக்கு முந்திக் கரைவலை வைத்திருந்தவர், சத்தமாகக் கதைக்கமாட்டார்.

"சேர், நாங்க எல்லாரும் ஒருக்கா ஓடித்தான் வந்த. அத ஆரும் நேரம் எடுக்கல்லயா?"

இணைப்பாளர் யோசித்தார். நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டார். அதைத் தகுதிகாண் சுற்றாகக் கருதலாம் என்று கூட்டக் குறிப்பில் பதியச் சொன்னார். பதிந்தேன். வெள்ளைக்காரர்களுக்குக்கூடத் தோன்றாத நுட்பம் இது. பாடசாலைகளில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும், வீடுள்ள பிள்ளைகள் இல்லங்களுக்காக ஓடுவார்கள். வீடில்லாதவர்கள் வீட்டுக்காகவே ஓடிய போட்டி உலகத்தில் எங்களுடையதுதான் முதலாவதாக இருக்க வேண்டும்.

மைதானத்துக்கும் அலையவில்லை. கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அந்தத் தடை குறைக்கப்பட்டதாகப் பின்பு செய்தி வந்தது, கடிதம் வரவில்லை. எங்கள் பழைய வளவுகள் எல்லாம் அந்த இருநூறு மீற்றருக்குள் வெறுமனே கிடந்தன. கட்டத்தான் தடை, ஓடத் தடை இல்லை என்பதைச் சுற்றறிக்கையை மூன்று தடவை வாசித்து நான் உறுதிப்படுத்தினேன். தாண்டித் தாண்டி ஓடும் சட்டவேலி ஓட்டத்துக்குச் சட்டங்களும் வாங்கவில்லை. வீடுகளின் அத்திவாரங்கள் முழங்கால் உயரத்தில் வரிசையாக நின்றன.

கடைசி நிகழ்ச்சி இருநூறு மீற்றர் ஓட்டம். கரையோர வீதியில் தொடக்கம், கடற்கரையில் முடிவு. விருந்தினர் கூடாரத்துக்குக் காற்று வேண்டும், படத்துக்குப் பின்னால் கடல் வேண்டும்.

"கடலப் பாத்தா ஓடச் செல்றீங்க?" என்று நூஹு மீண்டும் எழுந்தார்.

"கடலோடு மீள் இணக்கம்" என்றார் இணைப்பாளர். அதற்குத் திட்டத்தில் தனித் தலைப்பே இருக்கிறதாம்.

இனி, இந்தப் போட்டியில் உண்மையில் ஓடியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்துக் கொட்டில் பதினான்கில் இருப்பவள் றுகையா. கணவர் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரவில்லை. ஒரே மகள் சுபைறா. டென்மார்க்கில் நூஹுவின் மகன் அஸ்கி. இரண்டு பேருக்கும் 2006இலேயே பேசி முடித்தாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். போவதற்குப் பெண்ணின் பெயரில் ஒரு வீடு இருக்க வேண்டும். ஆகையால் "வீடு வந்ததும் காவின் எழுதிக் கலியாணம்" என்று இரு பகுதியும் ஒப்புக்கொண்டு இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நூஹுவிலும் பிழை சொல்ல முடியாது. அவருக்கும் கலியாணம் ஆகாத இரண்டு குமர்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும்.

டென்மார்க்கின் ஓட்டக்காரன் யார் என்று கேட்கவும் வேண்டுமா? அஸ்கியை முந்த இந்தக் கண்டத்தில் ஆளில்லை.

2008 ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, போட்டி தொடங்கியது. முதல் நாள் சீனாவிலும் ஏதோ ஒரு விளையாட்டு விழா ஆரம்பித்தபடியால் உலகப் பத்திரிகைகளின் கவனம் சற்றுச் சிதறிவிட்டது. கச்சான் காற்று மணலை வாரி விருந்தினரின் குளிர்பானத்துக்குள் போட்டது.

முதல் ஓட்டத்தை ஒரு வெடி கொளுத்தித் தொடக்கி வைத்தார்கள். வெடித்ததும் ஓட்டக்காரர், நடுவர், பார்வையாளர், ஐஸ்கிறீம் விற்றவர் எல்லாரும் ஒரே கணத்தில் மணலில் குப்புறப் படுத்தோம். நான்கு நாடுகளும் அவ்வளவு ஒற்றுமையாக இயங்கியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. நின்றுகொண்டிருந்தவர் இணைப்பாளர் ஒருவர்தான். அதன் பிறகு விசில் பாவித்தோம்.

பெண்களுக்குக் குண்டு போடுதல் இருந்தது. இத்தாலியும் ஸ்பெயினும் கூச்சத்தோடு போட்டன. றுகையா முந்தானையை இழுத்துச் செருகி, யாரையோ மனதில் நினைத்துக்கொண்டு போட்டாள். நடுவர் இரண்டு அடி பின்வாங்கினார். அந்த ஒரு வீச்சில் பின்லாந்து முன்னுக்கு வந்தது. கடைசி ஓட்டத்துக்கு முன் நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அஸ்கி முதலாவதாக வந்தால் வீடுகள் டென்மார்க்குக்கு. வராவிட்டால் பின்லாந்துக்கு. எங்கள் ஓட்டக்காரர் கறுவாத்தோல் வியாபாரி, நாற்பத்தெட்டு வயது. அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவே தேவையிருக்கவில்லை.

அஸ்கி வீதிப் பக்கம் போகுமுன் பெண்கள் கூடாரத்தடியில் வந்து நின்றான். கூடாரம் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால், ஓட்டப் பாதையின் ஓரத்தில் இருந்தது. நேரக் கணிப்பாளன் என்ற முறையில் நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"மாமி, நான் என்ன செய்ய?"

றுகையா அவனைப் பார்க்கவில்லை. "உன்ட வாப்பா பாத்துக்கு நிக்காரு. ஓடு மனே."

"ஓடினா?"

"ஓடினா உன்ட தங்கச்சிமாருக்கு வீடு. அதுகளும் குமருதானே."

அவன் போன பிறகு என்னிடம் திரும்பினாள், நான் அவளுக்கு அண்ணன் முறை. "காக்கா, வீடு வந்தா மருமகன் வருவான் எண்டு இரிந்தன். இப்ப மருமகன் முந்தினா வீடு போகுது. எந்தப் பக்கத்துக்கு நான் துஆ கேக்கிற?" இந்த விடயத்தில் எழுதப்பட்ட வழிகாட்டல் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

விசில் ஊதியது. கூட்டு அலுவலகம் தந்த நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தினேன். அஸ்கி பறந்தான். பாதியில் தன் வீட்டுக் குசினித் தரையை மிதித்துத் தாண்டினான், இத்தாலி பத்து அடி பின்னால், கறுவாத்தோல் வியாபாரி அடுத்த மாவட்டத்தில். முடிவுக்கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான் இருந்தது. நூஹு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெற்றியாளரை வரவேற்க இணைப்பாளர் ஒலிபெருக்கியை உயர்த்தினார். அந்தக் கருவியில் இரண்டு பொத்தான்கள், ஒன்று பேச, மற்றது அபாயச் சங்கு ஊத. ஐயா மற்றதை அழுத்திவிட்டார்.

சங்கு ஊதியது, முன்னால் கடல். அதற்கு மேல் எங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. இத்தாலி திரும்பியது, ஸ்பெயின் திரும்பியது. குழந்தைகளை யார் யாரோ தூக்கினார்கள், யாருடைய குழந்தை என்று எவரும் பார்க்கவில்லை. றுகையா ஒரு கிழவியை முதுகில் போட்டுக்கொண்டாள். கறுவாத்தோல் வியாபாரி வீதிக்குக் கிட்ட நின்றபடியால் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார். அவர் வாழ்க்கையில் அதுவே ஒரே முதலிடம், ஆனால் திசை பிழை என்று பின்பு நிராகரிக்கப்பட்டது.

சுபைறா மட்டும் ஓடவில்லை. கூடாரக் கம்பைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். 2004இலும் அவள் இப்படித்தான் நின்றாளாம், வாப்பா வந்து இழுத்துப் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பிப் போனாராம். அஸ்கி முடிவுக்கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பாதையை விட்டுக் கயிற்றைத் தாண்டி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதிப் பக்கம் ஓடினான். நானும் ஓடினேன்.

கால் மணித்தியாலம் கழித்து, முகாமுக்குப் பக்கத்துப் பிரதான வீதியில், நின்றுபோன பஸ்களுக்கு நடுவில், ஐரோப்பா முழுவதும் மூச்சு வாங்கியது. கடல் தன் பாட்டில் கிடந்தது. கரையில் இணைப்பாளர் தனியாக நின்று சங்கை நிறுத்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எல்லாரும் கண்டோம்: அஸ்கி சுபைறாவின் கையை இன்னும் விடவில்லை. காவின் எழுதாத பெண், நடுவீதி, நான்கு நாடுகளும் சாட்சி.

"நூஹு காக்கா, அந்தக் கையப் பாருங்க" என்றாள் றுகையா.

"பாத்தன்" என்றார் நூஹு. "கோட்டத் தாண்டியிருந்தானெண்டா என்ட ரெண்டு குமருக்கும் வீடு."

"ஓம், காக்கா."

"புள்ளய விட்டுட்டுத் தாண்டியிருந்தானெண்டா, நானே அவனக் கடலுக்க தள்ளியிருப்பன்." சொல்லிவிட்டு முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டார். "வார வெள்ளிக்கிழம காவின எழுதுவம்."

இருநூறு மீற்றரில் எவரும் முடிவுக்கோட்டைத் தொடாதபடியால் புள்ளி எவருக்கும் இல்லை. ஆகவே பின்லாந்து வெற்றி என்று கூட்டு அலுவலகம் எழுத்தில் அறிவித்தது. ஒக்டோபரில் விழா வைத்து இருபத்துநான்கு சாவிகளை ரிபன் கட்டித் தந்தார்கள். றுகையாவுக்கு ஏழாம் இலக்கம். உள்ளே போக ஓர் ஒப்பம் மட்டும் பாக்கி, அதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அஸ்கி டென்மார்க்கிலிருந்து பின்லாந்துக்குக் குடிபெயர்ந்தான், தூரம் பதினொரு மீற்றர். கொட்டில் பதினான்கின் நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்திருக்கிறார்கள். ஏழாம் இலக்கச் சாவி அந்தச் சேலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. சுபைறாவுக்கு இப்போது ஒரு கைக்குழந்தை, அது அந்தச் சாவியைச் சப்பித்தான் பல் முளைத்தது. வீட்டுத் திட்டத்துக்கு ஒரு காவலாளி போட்டிருக்கிறார்கள். அவர் குடும்பத்தோடு ஒரு வீட்டில் இருக்கிறார், அவருக்கு ஒப்பம் தேவைப்படவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டதாக ஐரோப்பா முடிவு செய்து, தன் நான்கு பெயர்ப்பலகைகளையும் கழற்றிக்கொண்டு போனது. நாங்கள் எந்த நாடு என்று இப்போது எவருக்கும் தெரியாது. இணைப்பாளர் பதவி உயர்வோடு வடக்கே புதிய முகாம்களுக்குப் போனார். அங்குள்ள மக்களுக்கு ஓட்டப் பயிற்சி ஏற்கெனவே போதிய அளவு உண்டு என்று கேள்வி.

கோப்பைப் பற்றி விசாரிக்க நான் மாதம் இருமுறை கூட்டு அலுவலகத்துக்குப் போகிறேன். இணைப்பாளர் இருந்த மேசையிலிருந்து ஒப்பமிட வேண்டியவரின் மேசைக்குத் தூரம் நான்கு மீற்றர். அடி வைத்து அளந்தேன். இடையில் சட்டவேலி எதுவும் இல்லை.

ஒரு தாழ்மையான அறிவித்தலோடு இந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் கடிதத்தை முடிக்கிறேன், ஒப்பமிட வேண்டிய சேர். அன்று எவரும் முடிவுக்கோட்டைத் தொடாதபடியால் நிறுத்தற்கடிகாரத்தை நிறுத்துவதற்கு எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கலம் மாற்றிய நேரத்தைக் கழித்து, இன்றோடு ஒரு வருடமும் ஐந்து மாதமும். கைக்குழந்தைகளோடும் கிழவிகளோடும் முக்கால் கிலோமீற்றரைக் கால் மணித்தியாலத்தில் ஓடிய மக்கள் நாங்கள், எங்கள் நேரங்கள் எல்லாம் என் கொப்பியில் பதிவாகி இருக்கின்றன. நான்கு மீற்றருக்கு உங்களுடைய நேரம் எவ்வளவு என்று எழுத, அந்தக் கொப்பியில் ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.