குதிரைக்கு வைத்த பலகாரம்

எங்கள் தீவின் வக்குவா ஊரில் அந்தக் காலத்தில் கோர்பியாரைப் பார்த்து ஒரு தடவையாவது பயப்படாமல் செத்துப்போனவர் ஒருவரும் கிடையாது. கோர்பியார் என்றால் எங்கள் தீவின் க்ரியோல் மொழியில் சவ வண்டி. அதை ஓட்டியவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆள் நெட்டை, ஒல்லி. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. யாரைச் சந்தித்தாலும் தலையைச் சாய்த்து, உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்ப்பார். தொழில் பழக்கம். சந்தையில் அவர் ஒருவரைச் சுகமா என்று விசாரித்தால், அந்த ஆள் கத்தரிக்காயைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். தபால் நிலைய வரிசையில் போய் நின்றால் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் விலகி வழிவிடுவார்கள். கோர்பியார் அதை மரியாதை என்றே நம்பினார். ஒவ்வொருவருக்கும் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிக்கொண்டு நடப்பார்.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்கு வெகு முன்னால் நடந்தது இது. ஊருக்கு மோட்டார் சவ வண்டி வந்தது. பழைய வண்டியை இழுத்த அவருடைய குதிரை பிரின்ஸ் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். பேச்சுத்துணை என்று இருந்ததே அந்தக் குதிரைதான். யாரோ இரக்கப்பட்டு அவரை முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். நான் அங்கே நர்ஸாக இருந்தேன்.

கிழவர்களும் கிழவிகளும் மட்டுமே இருக்கும் கூடத்துக்குள் சவ வண்டிக்காரர் நுழைந்தால் என்ன ஆகும் என்று சேர்த்துவிட்டவர்கள் யோசித்திருக்கலாம். முதல் நாள் அவர் சூப் பாத்திரத்தோடு உள்ளே வந்ததும் ஒரு மூலையில் தேவாரம் கிளம்பியது, இன்னொரு மூலையில் மாதா ஜெபம் கிளம்பியது. டாக்டரே செவிடு என்று எழுதிக்கொடுத்திருந்த ராமேன் தாத்தா கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டார். அங்கிருந்தபடியே சொன்னார்:

"எனக்கு ஜலதோஷம் மட்டும்தான், மிஸ்யே."

கோர்பியார் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "அவசரம் இல்லே தாத்தா, நான் காத்திருக்கேன்" என்றார். அவர் சொன்னது சூப்பைப் பற்றி. ராமேன் தாத்தா அன்று முழுவதும் வெளியே வரவில்லை.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு அவரே எங்கள் மேட்ரனிடம் போய், வியாழக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேஜையைத் தனக்குத் தரும்படி கேட்டார். இவர்கள் நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கைக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்றாராம். மேட்ரன் கண்டிப்பான பெண்மணி. ஆனால் அவரும் அந்தப் பார்வைக்குப் பயந்தவர்தான். சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று உடனே சம்மதித்தார்.

அவர் கொடுத்த வேலை பலகாரம் செய்வது. பலகாரத்தின் பெயர் காதோ பாத்தாத். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, சின்ன வட்டமாகத் தட்டி, உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துப் பிறைபோல மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தவேண்டும். பிறகு எண்ணெயில் போட்டு எடுப்பது அவர் வேலை. முதல் வியாழக்கிழமை மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. கறுப்புக் கோட்டுக்கு மேல் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தனியாக உட்கார்ந்து மடித்தார். பொரித்தார். வாசனை கூடத்துக்குள் போயிற்று. ராமேன் தாத்தாவுக்குக் காதுதான் கேட்காது, மூக்கு நன்றாகவே வேலை செய்தது. அவர் வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் மற்றவர்களும் வந்தார்கள்.

கை நடுங்குகிறவர்களுக்கு மாவு சலிக்கும் வேலை கொடுத்தார். சல்லடையை ஆட்டவே தேவையில்லை என்று பாராட்டினார். பார்வை போனவர்கள் கிழங்கில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒரு கை விழுந்தவர்கள் மற்றக் கையால் தேங்காய்ப்பூவை வைத்தார்கள். யாரையும் அவர் அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது அவருக்குப் பழகிய வேலை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. பொரித்த முதல் பலகாரத்தை யாருக்கும் கொடுக்காமல் தோட்டத்துப் பக்கத்து ஜன்னலின் வெளிக் கட்டையில் வைப்பார். யாருக்கு என்று கேட்டேன். பிரின்ஸுக்கு என்றார். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போயிருக்கும். மைனா தூக்கிப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வக்குவாவின் மூடுபனி தெரியுமல்லவா, மத்தியானத்திலேயே இறங்கி வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும். அப்படி ஒரு வியாழக்கிழமை. எல்லோரும் மடித்துக்கொண்டிருந்தோம். ராமேன் தாத்தா திடீரென்று முள்கரண்டியை வைத்துவிட்டு, தோட்டத்தில் குளம்புச் சத்தம் கேட்கிறது என்றார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கும் கேட்டது. நனைந்த சரளைக் கல்லில் நிதானமாக வைக்கும் அடிகள். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றன. ஒரு மூச்சுச் சத்தம். கண்ணாடியில் ஆவி படர்ந்தது, வெளிப்பக்கத்தில். கோர்பியார் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "பா பேர், பா பேர். பயப்படாதீங்க. அவனுக்குச் சூடா வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் பயப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. குதிரையின் பலகாரத்தை யார் மடிப்பது என்று சண்டைகூட வந்தது. சேதி மேட்ரன் காதுக்குப் போயிற்று. செத்த குதிரையின் பெயரைச் சொல்லி முதியவர்களின் மனதைக் கலைக்கிறார், மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கட்டும் என்று கோர்பியாரிடமே சொல்லிவிட்டார். அவர் தொப்பியைத் தூக்கி, சரி என்று சொல்லிவிட்டு, கிழங்கை வேகவைக்கப் போனார்.

இங்கே, இல்லத்துக் கிழவிகளில் ஒருவரான தெய்வானை ஆயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ரிவியேர் தே ஸாங்கீய் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் காலமெல்லாம் மாட்டு வண்டியோடு நடந்தவர். எங்கள் இல்லத்தில் தமிழிலேயே யோசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குத் தமிழ் கோயிலோடு சரி. மகன் கொண்டுவந்து விட்டுப் போனான். திரும்பி வரவில்லை. ஆயா பேச்சை நிறுத்தினார், பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினார். கஞ்சித் தண்ணீர் மட்டும் ஸ்பூனால் இறங்கியது. அதுவும் நெடுநாள் இறங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். கோர்பியார் மட்டும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவரை நாற்காலியோடு தூக்கிவந்து ஜன்னலோரம் உட்காரவைப்பார்.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமையும் மூடுபனிதான். மேட்ரன் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடிகள் கேட்டன. இந்தத் தடவை கோர்பியார் பலகாரத்தை ஜன்னல் கட்டையில் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆயாவின் உள்ளங்கையில் வைத்தார். ஆயா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, மாட்டுக்குத் தீனி கொடுக்கிற மாதிரி விரல்களை ஒட்டிவைத்து, கையை வெளியே வெள்ளைப் பனிக்குள் நீட்டினார். மணிக்கட்டுக்கு அப்பால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கை திரும்பி வந்தபோது காலியாக இருந்தது.

"வாயி சில்லுனு இருக்கு" என்றார் ஆயா. பேச்சை நிறுத்திய பிறகு அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பசியோட வந்திருக்கு. இன்னொண்ணு குடுப்பா."

அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். நனைந்த குதிரையின் வாடை. வெளியே ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே தேடினேன். விழுந்த பலகாரமும் இல்லை, குளம்புத் தடமும் இல்லை. நான் உள்ளே வந்தபோது ஆயா குதிரைக்கென்று வாங்கிய இரண்டாவது பலகாரத்தைத் தானே கடித்துக்கொண்டிருந்தார். மேட்ரன் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் பிரெஞ்சில், மெதுவாக, அடுத்த வாரம் கிழங்கு கூடுதலாக வாங்கச் சொன்னார். வேலையை விட்டு நிற்கும் பேச்சை அதோடு யாரும் எடுக்கவில்லை.

தெய்வானை ஆயா அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். அந்த மேஜையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஓரம் சரியாக அழுந்தாவிட்டால் மேட்ரனைக்கூடத் திட்டுவார். கோர்பியார் அவருக்கு முன்னால் போனார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மோட்டார் வண்டி வரும்வரை அவரைத் தனியாக விடக்கூடாது என்று கூடமே முடிவு செய்தது. முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

என் முறை வந்தபோது அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரலிடுக்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.