புகைபோக்கிக்குள் வறுத்த மிளகாய்

கூச்சப்படுகிறவர்களை நம்பி வீட்டில் ஒரு வேலையை ஒப்படைக்கக் கூடாது. அவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். விளங்கினாலும் ஆட்டுவார்கள், விளங்காவிட்டாலும் ஆட்டுவார்கள். இதை நான் அடித்துச் சொல்வேன். நான் ஆட்டிய ஆட்டில், கனடாவில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடே தும்மியது.

எங்கள் வரவேற்பறையில் விறகு எரிக்கிற பழைய செங்கல் அடுப்பு ஒன்று இருந்தது. அதற்குள் பெலற் அடுப்பு வைக்க வேண்டும் என்று மகன் சுதனிடம் கேட்டது நான்தான். (மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் கட்டைகளை எரிக்கிற அடுப்பு. நல்ல சூடு.) கனடாவுக்கு வந்த பிறகு வாய் திறந்து நான் கேட்ட முதல் சாமான் அது. முழங்கால் நோ கேட்க வைத்தது. "புகைபோக்கி சரியெண்டு ஆள் சொன்னாத்தான் அடுப்பு, அம்மா. இப்ப விட்டா இனிப் பனி கரைஞ்சாப் பிறகுதான் வருவினம்" என்று சுதன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

புகைபோக்கிக்காரர் காலையிலேயே வந்தார். மீசை வைத்த உயரமான மனிதர். நீண்ட தடியில் கட்டிய பிரஷ்ஷால் கரியை எல்லாம் சுரண்டி இறக்கினார். கமரா விட்டுப் பார்த்தார். திருப்தி. பிறகு கூரையில் ஏறி இறங்கி வந்து, பிரெஞ்சில் எனக்கு ஏதோ விளக்கினார். கையை மேலே காட்டினார், தலையில் எதையோ கவிழ்ப்பது போலச் செய்தார், விரலை ஆட்டினார். வெளியே குளிர், தொப்பி போடாமல் போகாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என்ன நல்ல மனிதர்! தலையை ஆட்டி, "மெர்சி"யும் சொன்னேன். அவர் புகைபோக்கிக்குள் இறக்குகிற இரும்புக் குழாயை எடுத்துவரப் போய்விட்டார்.

இனி என் ரகசியம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாயைக் குசினியில் வறுத்தால் கூரையில் இருக்கிற புகை அலாரம் குழறும். அதனால் வருடக்கணக்காக நான் தாச்சியை, அதுதான் இரும்புச் சட்டியை, அந்தச் செங்கல் அடுப்புக்குள் வைத்துத்தான் வறுத்தேன். புகை நேரே ஆகாயத்துக்குப் போய்விடும். (கூரை அணில்கள் என்ன பாடுபட்டனவோ தெரியாது.) பெலற் அடுப்பு வந்தால் அந்த வசதி போச்சு. கடைசியாக ஒரு வறுவல் வறுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் கரி சுரண்டிய புகைபோக்கி, இன்றைக்கு எப்படி இழுக்கும்! விறகடுப்பு ஊதி வளர்ந்த எனக்கு நெருப்பைப் பற்றி ஆர் படிப்பிக்கிறது?

மிளகாய் கறுத்து மணம் எழும்பியது. புகை மேலே போய்ப் பார்த்துவிட்டு, வழியில்லை என்று திரும்பி வந்தது. முழுவதும் வந்தது. அவசரத்தில் நெருப்பில் தண்ணீரை ஊற்றினேன். அது இன்னும் மோசம். வீட்டிலிருந்த அலாரம் எல்லாம் ஒன்றாகக் குழற, நான் வீட்டில் போடுகிற சோட்டியோடு, கையில் தாச்சியோடு வாசலுக்கு ஓடினேன்.

நிலக்கீழ் அறையில் வேலை செய்துகொண்டிருந்த சுதனும் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்?"

"தூள் வறுத்தனான்."

"எதுக்குள்ளை?"

தாச்சியை உயர்த்திக் காட்டினேன்.

"ஐயோ! குழாய் இறக்கும் வரைக்கும் மேலை மூடிக் கட்டியிருக்கு, நெருப்பு மூட்டாதேங்கோ எண்டு அந்தாள் சொன்னதெல்லோ! அம்மாக்கு வடிவா விளங்கினதாம் எண்டு எனக்கும் சொல்லிப்போட்டுப் போனவர்."

"தொப்பி போடச் சொன்னவர் எண்டெல்லோ நினைச்சன்."

அப்போதுதான் என் கணவர் தும்மித் தும்மி இறங்கி வந்தார். தூசு வரக் கூடாது என்று மேலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துவாயும் செருகிவிட்டுப் படுத்திருந்தவர்.

"என்னப்பா, பேய் கலைக்கிற மாதிரி என்னைக் கலைக்கப் பாத்தனீரோ? அலுமாரிக்குள்ளை இருந்து மிளகாய் வருகுது!"

குழாயோடு திரும்பி வந்த புகைபோக்கிக்காரரும் தும்மிக்கொண்டுதான் நின்றார். சுதன் அலுமாரிக் கதையை மொழிபெயர்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கூரையில் ஏறி மூடியைக் கழற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டு, மேலறைக்கு ஓடினார். அலுமாரிக்குப் பின்சுவரில்தான் புகைபோக்கி போகிறது. கோட்டுகளை விலக்கி வெளிச்சம் அடித்தார். கமராவுக்குத் தப்பிய மெல்லிய வெடிப்பு. அதிலிருந்து என் மிளகாய்ப் புகை இன்னும் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அவர் சுதனிடம் நெடுநேரம் கதைத்தார். அடுப்பு போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"என்னவாம்?"

"இதாலை அடுப்பு நச்சுக்காத்து வந்திருந்தா அப்பா நித்திரையிலையே போயிருப்பாராம். அதுக்கு மணமும் இல்லை, தும்மலும் இல்லை."

"அப்ப அடுப்பு?"

"வெடிப்பைப் பூசி, குழாயை இறக்கிப்போட்டு இந்தக் கிழமையே வைப்பாராம். அதுவரைக்கும் அம்மாவை வெளியிலை வைச்சிருக்கட்டாம்."

இப்போது அந்த அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி இருந்துதான் இதை எழுதுகிறேன். தூள் வறுப்பது கராஜுக்கு வெளியே. கணவரின் கோட்டை யார் எடுத்தாலும் இன்றைக்கும் தும்மல்தான். சுதன் போன மாதம் பழைய கார் ஒன்று பார்த்துவிட்டு வந்து, மெக்கானிக் நல்லதென்று சொன்னதாகச் சொன்னான்.

"அது காணாது" என்றார் இவர். "அம்மாவைத் தாச்சியோடை கூட்டிக்கொண்டு போ. ஓட்டை இருந்தாத் தும்மல் வரும்."

நானும் தலையை ஆட்டினேன். இந்த முறை விளங்கித்தான்.