கண்ணால் போட்ட சண்டை

என் மனைவியை வீட்டை விட்டுத் துரத்துவது என்று முடிவெடுத்தேன்.

துரத்தக் கிளம்பியவனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. நரம்பு நோய். பத்திரிகை ஆபீஸில் புயலாக டைப் அடித்த கைகள்தான் என்னை முதலில் கைவிட்டன. பிறகு நாக்கு. அடுத்தது மூச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் கண். திரையில் ஓர் எழுத்தையே உற்றுப் பார்த்தால் கேமரா கண்டுபிடித்து டைப் செய்யும், கம்ப்யூட்டர் வாசிக்கும். கல்யாணமான புதிதில் கண்ணால் பேசினால் காதல். இப்போது கம்ப்யூட்டர்.

போன வாரம் என்னைக் குளிப்பாட்டத் தூக்கியவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். எனக்குக் கேட்கக் கூடாதாம்.

திட்டினால் போய்விடுவாள் என்று ஆரம்பித்தேன்.

"உன் சமையலை மனுஷன் சாப்பிடுவானா" என்றது கம்ப்யூட்டர், ரயில் வருகையை அறிவிக்கும் குரலில்.

"சீக்கிரம் திட்டுங்க. நீங்க ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள நான் துணியே காயப்போட்டு வந்துட்டேன்."

"உன் மூஞ்சியப் பார்க்கவே" என்று எழுதினேன். 'பிடிக்கல' என்று முடிப்பதற்குள், நான் வழக்கமாக எழுதுவதை வைத்து அடுத்த வார்த்தையை ஊகிக்கும் அந்தச் சனியன், 'ஆசையா இருக்கு' என்று நீட்டியது. கண் ஒரு நொடி அதில் தங்கிவிட்டது. கம்ப்யூட்டர் அதை உரக்கச் சொல்லியும்விட்டது.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று போய்விட்டாள்.

கடைசியில் அவள் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். 'மச்சான், உங்க தங்கச்சியோட இனிமே வாழ முடியாது. கூட்டிட்டுப் போயிடுங்க. என்னை ஏதாவது காப்பகத்துல சேர்த்துடுங்க.'

மச்சான் லாரி ஓட்டி ஓய்ந்தவர், தனி ஆள். மறுநாளே வேனோடு வந்து நின்றார். இவள் துணிகளைப் பையில் அடுக்கினாள். ஜெயித்துவிட்டேன். கண் கலங்கியது. கண் கலங்கினால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. 'போகாதே' என்று எழுதப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட விழவில்லை. அழுதுகொண்டே பேசும் வசதி எனக்குக் கிடையாது.

அவள் துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எங்க போற?" என்று எழுதினேன்.

"பக்கத்து ரூமுக்கு. ராத்திரி உங்களப் புரட்டிப் படுக்க வைக்க அண்ணன் இங்கயே இருக்கும். குளிப்பாட்டுறதும் இனிமே அண்ணன்தான்."

மச்சான் வேனிலிருந்து இறக்கிய கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். "மாப்ளே, நீங்க அனுப்பினத இவகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். 'அவருக்கு என் இடுப்பு மேல இரக்கம் வந்துடுச்சுண்ணே, நீ கட்டிலோட கெளம்பி வா'ன்னுட்டா."

"நான் உனக்குப் பாரம்" என்று எழுதினேன்.

"அதான் பாரம் ஏத்தி எறக்கினவரே வந்தாச்சே!" என்றாள்.

அன்று முதல் அவள் பக்கத்து அறையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கமில்லை. மச்சான் விடுகிற குறட்டைக்குக் காதைப் பொத்திக்கொள்ளக் கையில்லை.