சனீஸ்வரனும் கொன்பிரன்ஸ் கிண்ணமும்

தொண்ணூற்றாறாம் ஆண்டுப் புரட்டாசியில் குலசிங்கத்தாருக்குத் திடீரென்று பக்தி பிடித்தது.

"இஞ்சாருமப்பா, எனக்கு ஏழரைச் சனியெல்லே. இந்தமுறை ஒவ்வொரு சனிக்கிழமையும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிக்கப்போறன்."

கமலாம்பிகை தோசைக் கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மனிசன் தானாகக் கோயில் என்று வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"நானும் வரட்டே?"

"வேண்டாம், வேண்டாம்! தனியாப் போனாத்தான் பலன்."

உண்மை வேறு. மகன் ராகுலன் கொலிச்சில் முதலாம் வருடம். அங்கே ஃபுட்போல் குழுவில் சேர்ந்துவிட்டான். நம்மவர் விளையாடும் உதைபந்தாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வெள்ளைக்காரரின் விளையாட்டு; தேங்காய் மாதிரிப் பந்து. ஒருவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவான்; தலைக்கவசம் போட்ட தடியன்கள் எல்லாரும் அவன் மேல் விழுந்து அமத்துவார்கள். ஒருநாள் ரீவியில் இதைப் பார்த்த கமலாம்பிகை, "என்ர பிள்ளை உதுக்குப் போனால் நான் பச்சத்தண்ணியும் வாயில வையன்" என்று சபதம் போட்டிருந்தாள்.

அதனால் ராகுலன் தகப்பனிடம் மட்டும் சொன்னான். "அப்பா, ப்ளீஸ், அம்மாட்டச் சொல்லாதேங்கோ. நான் கிக்கர் மட்டுந்தான். என்னில ஒருத்தரும் விழமாட்டினம்."

குலசிங்கத்தாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஃபுட்போல் என்று பெயரை வைத்துவிட்டு எல்லாரும் கையால் விளையாடுகிறார்கள். காலால் உதைக்கிறவன் என் பிள்ளை ஒருவன்தானே! கொன்பிரன்ஸ் என்ற அந்தப் போட்டித் தொடரில் எட்டுக் கொலிச்சுகள். ராகுலனின் கொலிச் பல வருடமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தது. ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமைகளில்.

முதற் சனி, அஜின்கோர்ட் வீட்டில் எடுத்த காரை நேரே மைதானத்துக்கு விட்டார். கையில் கமலாம்பிகை கட்டிக்கொடுத்த எள்ளுப் பொட்டலம், காகத்துக்கு வைக்கச் சோறு. எறிந்தால் பாவம், திருப்பிக் கொண்டுபோனால் பிடிபடுவார். ஆட்டத்துக்கு நாலு குவாட்டர்; இரண்டாவதில் வேலியோரமாகப் போய்க் கொட்டினார். காகம் வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து கடற்புறாக்கள் பட்டாளமாக வந்து இறங்கின. அடுத்த நிமிடமே ராகுலன் உதைத்த பந்து மைதானக் கோடியில் நின்ற இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போனது. மூன்று புள்ளி! ஆட்டம் முடிய, வெற்றி!

அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையிலேயே பக்தி பிடித்தது.

அடுத்த சனியும் எள்ளு, சோறு, கடற்புறா, வெற்றி. ஒரு சனி விரதத்தை மறந்து இறைச்சி வைத்த ஹொட்டோக் ஒன்றைக் கடித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துத் தோல்வி. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீரோடு இருந்தார். குழு கிடுகிடுவென்று மேலே ஏறியது.

"என்னப்பா, தொண்டை அடைச்சிருக்கு?" என்று கேட்டாள் கமலாம்பிகை.

"தேவாரம் படிச்சது."

"முகமெல்லாம் வெயிலில கறுத்திருக்கு?"

"வெளிவீதி சுத்தினது."

"நல்ல சனமோ?"

"கால் வைக்க இடமில்லை! எல்லாரும் எழும்பி நிண்டு கத்தினவை."

"கத்தினவையோ?"

"அரோகராவைச் சொல்லுறன்!"

புரட்டாசி முடிந்தது. சீசன் முடியவில்லை. இந்தக் கொன்பிரன்ஸ்காரருக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, "ஐயர் சொன்னவர், எனக்கு இறுக்கமான சனியாம். ஐப்பசியிலயும் எரிக்கவேணுமாம்" என்றார்.

"ஓமோ? பாவம்" என்றாள் கமலாம்பிகை. வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த இடத்திலாவது மனிசன் யோசித்திருக்க வேண்டும்.

அரையிறுதியிலும் வெற்றி. கொன்பிரன்ஸ் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம் அடுத்த சனி மத்தியானம். பிள்ளை கிண்ணம் தூக்குவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் இந்தப் பிறவியே வீண் என்று குலசிங்கத்தார் நினைத்தார். வெள்ளி பின்னேரம் கமலாம்பிகை தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் படுற பாட்டைப் பாக்க ஏலாமல் நான் ஐயரோட கதைச்சன்."

தேத்தண்ணி புரைக்கேறியது. "எ... என்ன சொன்னவர்?"

"நாளைக்கு நவக்கிரக அபிஷேகம். உங்கட பேரில உபயம். பதினொரு மணிக்குத் தர்ப்பை போட்டால் பூசை முடியுமட்டும் எழும்பக்கூடாதாம்."

"நாளைக்கோ? நாளைக்கு எனக்கு..."

"உங்களுக்கு?"

சனிக்குச் சனி கோயிலிலேயே கிடந்த மனிசனுக்கு அதைவிட என்ன அலுவல் இருக்க முடியும்?

"ஒண்டுமில்லை" என்றார். அழுகை வந்தது.

காலையில் அவளே காரோட்டினாள். வேட்டி சால்வையோடு அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, "எனக்கொரு சின்ன அலுவல், முடிச்சிட்டு வாறன்" என்று போய்விட்டாள். ஐயர் விரலில் தர்ப்பையை மாட்டினார். சனீஸ்வரனுக்குப் பால் போனது, தயிர் போனது, இளநீர் போனது. அர்ச்சனைக்கு ஐயர் நட்சத்திரம் கேட்க, குலசிங்கத்தார் "நாலாம் குவாட்டர்" என்றார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி மனமுருகி வேண்டினார்: சனீஸ்வரா, உன் பேரில் பொய் சொன்னவன் நான்தான். அதற்காகப் பிள்ளையின் காலைத் தண்டிக்காதே. மூன்றே மூன்று புள்ளி தா.

பின்னேரம் பூசை முடிந்து வாசலுக்கு வர, கார் வந்து நின்றது. கமலாம்பிகை இறங்கினாள். கழுத்தில் கொலிச்சின் நீலமும் மஞ்சளும் கலந்த கம்பளிச் சால்வை. கன்னத்திலும் அதே நிறத்தில் பூச்சு.

"வெண்டிட்டம்!" குரல் போய்க் காற்றுத்தான் வந்தது. "கடைசி நிமிசமப்பா! என்ர பிள்ளை உதைச்ச உதையில பந்து நேர நடுவால போனது! அவனைத் தோளில தூக்கிக்கொண்டு திரியினம்!"

குலசிங்கத்தார் தர்ப்பையோடு துள்ளினார். வாசலில் நின்ற சனமெல்லாம் பார்க்க மனிசியைக் கட்டிப்பிடித்தார். சந்தோஷம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் மூளை வேலை செய்தது.

"அப்ப... உமக்கு எப்ப தெரியும்?"

"முதல் கிழமையே. அவன்ர சேறு பிரண்ட உடுப்புகளை ஆர் தோய்க்கிறது எண்டு நினைச்சனீங்கள்? பிடிச்சு உலுப்பினன், எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். கிக்கரெண்டபடியால் விட்டன்."

"பிறகேன் என்னைக் கொண்டுவந்து இஞ்சை இருத்தினனீர்?"

"கோயிலின்ர பேரைச் சொல்லிப் பொய் சொன்னது நீங்கள். அதைத் தீர்க்காமல் விட்டு, பிள்ளையின்ர காலுக்கு ஒண்டு வந்தால்?"

"சரி, தீர்த்தாச்சு. வாற வருசம் ரெண்டுபேருமாப் போய்ப் பாப்பம்" என்று காருக்குள் ஏறினார் குலசிங்கத்தார்.

"அதெப்பிடி?" என்றாள் கமலாம்பிகை. "நீங்கள் பூசையில இருந்தபடியாலதானே கிண்ணம் கிடைச்சது. வாற சீசன் முழுக்க, ஒரு சனி விடாமல் உங்கட பேரில உபயம் எழுதிப்போட்டன்."