காசிமாயனுக்கு ஓர் எதிரி வேண்டும்

எதிரி யார் என்று கேட்டால் சொல்வதற்குக் காசிமாயனிடம் ஒரு பெயர்கூட இல்லை. நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்த ஒரு சொத்தை மட்டும் சேர்க்காமலே இருந்துவிட்டார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அமுதவள்ளி. மேசைமேல் காசிமாயனின் மனு கிடந்தது. “தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்கீங்க. உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. யாரால ஆபத்துன்னு எழுதலையே?”

“பொதுவா ஒரு ஆபத்துதான் மேடம்.”

“பொதுவா ஆபத்து எல்லாருக்கும் இருக்கு. ரோட்டக் கடந்தா லாரி வருது. அதுக்கு அரசாங்கம் துப்பாக்கி குடுக்குமா? ஒரு வாரத்துல பேரோட வாங்க.”

காசிமாயன் போடியில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கும் கொட்டகை வைத்திருந்தார். அடித்துப் பேசத் தெரியாத மனிதர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய நண்பர் பால்பாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு அவரை ஒரு பேச்சுத்துணைக்குக் கூட்டிப் போனார். அங்கே சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார்கள். ஐந்து குண்டும் நடுவட்டத்தில் போய் உட்கார்ந்தன. இருபது வருடமாக ஏலக்காயில் பழுதைப் பொறுக்கிய கண்ணும் கையும் வேறெங்கே போகும்? அன்றிலிருந்து சங்கத்தில் அவர்தான் முதலிடம். பால்பாண்டி இரண்டாமிடம். அதற்காகப் பால்பாண்டி ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

ஆவணியில் மதுரையில் பெரிய போட்டி. சங்கத்திலிருந்து ஒருவர்தான் போகலாம், அவரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஏலக்காயைத் தவிர வேறொன்றிலும் தன் பெயர் வராது என்று நினைத்திருந்த காசிமாயனுக்கு, இந்த ஒன்றுக்காவது போய்விட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விளையாட்டு வீரர் என்று லைசென்ஸ் கேட்டுப் பார்த்தார். பதக்கம் எங்கே என்றார்கள். பதக்கத்துக்குப் போட்டிக்குப் போக வேண்டும். போட்டிக்குப் போகத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். செக்கைச் சுற்றிய மாடாக வந்து நின்றபோது, “தற்காப்புன்னு போடு மச்சான்” என்று வழி சொன்னவரும் பால்பாண்டிதான்.

துப்பாக்கியை முன்னமே பார்த்து வைத்தாயிற்று. மதுரைக் கடையில் இருவருமாகப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார்கள். காசிமாயன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பி, கடைசியில் முகர்ந்தும் பார்த்தார். பழக்க தோஷம்.

“இது எத்தனை எம்.எம்.?”

“ஏழு புள்ளி அறுபத்தஞ்சு சார்.”

காசிமாயனின் முகம் சுருங்கிவிட்டது. போடியில் எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய்தான் முதல் தரம். ஏழரை என்றால் இரண்டாந்தரம்.

“எட்டுக்கு மேல இல்லையா?”

“ஒம்பது எம்.எம். இருக்கு சார். அது போலீசுக்கும் பட்டாளத்துக்கும்தான். நமக்கு இதுதான் சட்டம்.”

“நல்ல காயெல்லாம் வெளியூருக்குத்தான் போகுது,” என்று பெருமூச்சு விட்டார் காசிமாயன்.

பிறகு கச்சிதமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கைக்கு அடக்கமானது, ஆனால் முன்பக்கம் இலேசு. சுடும்போது நுனி துள்ளியது. “குழல் நுனியில மரை போட்டது ஒண்ணு இருக்கு பாரு மச்சான்,” என்றார் பால்பாண்டி. “அந்த மரையில ஒரு எடையத் திருகிக்கிட்டா நுனி துள்ளாது. பெரிய பெரிய ஆளுகல்லாம் அப்பிடித்தான் சுடுறாகளாம்.” காசிமாயன் யோசித்துப் பார்த்தார். தராசின் ஒரு தட்டு இலேசானால் படிக்கல் வைப்பதுதானே வழக்கம். சரி என்று அதற்கே சொல்லி வைத்துவிட்டு வந்தார்கள்.

இப்போது எதிரிக்கு எங்கே போவது?

“எம் பேர எழுது,” என்றார் பால்பாண்டி, டீக்கடையில்.

“ஓம் பேரா? வெளங்குமா மாப்ளே?”

“வேற யாரு பேர எழுதுவ? ஒரு பய ஒன்னய எதிரியா மதிப்பானா? மேக்கால ஏலத் தோட்டம் ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்து இருக்கு. ஓடைத்தண்ணித் தகராறுன்னு போடு. நட்புன்னா எதுக்கு இருக்கு?”

காசிமாயனின் கண்கள் கலங்கிவிட்டன. பால்பாண்டியின் மனைவி ராக்குவுக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. காசிமாயனைத்தான் அவள் அண்ணன் என்று அழைப்பாள். அந்த முறையில்தான் மச்சான், மாப்ளே. சொந்த அண்ணன் தம்பிகூட எதிரியாக இருக்கச் சம்மதிக்க மாட்டான்.

பால்பாண்டியின் பெயரைக் கேட்டதும் அமுதவள்ளி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு சின்ராசுவும் பேனாவை வைத்தார்.

“உங்களுக்கு அவரால ஆபத்தா, அவருக்கு உங்களால ஆபத்தா?”

 குறைவாகச் சொன்னால் மனு நிற்காதே என்று காசிமாயனுக்குப் பயம்.

“ரெண்டுந்தான் மேடம்.”

“எழுதிக்கோங்க சின்ராசு,” என்றார் அமுதவள்ளி.

பத்து நாளில் விசாரணை முடிந்தது. அமுதவள்ளி மறுபடியும் கூப்பிட்டார்.

“நாப்பது பேர விசாரிச்சேன். நாப்பது பேரும் சிரிக்கிறாங்க. ஒரு டீய வாங்கி ரெண்டு பேரும் பாதிப் பாதி குடிக்கிறீங்களாமே?”

உடனே ஒரு சண்டைக்கு ஏற்பாடாயிற்று. ஏலக்காய் ஏலம் முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம், ரோட்டில் நின்று இருவரும் கத்த வேண்டும். பால்பாண்டி சொன்னபடி கத்தினார். காசிமாயன் முதல் நாள் முழுக்க மனப்பாடம் செய்த வசவுகள் எல்லாம் தொண்டையோடு நின்றுவிட்டன.

“அடே… அடே பால்பாண்டி! ஒன்னய நான்…”

“என்னடா பண்ணுவ? பண்ணுடா பாப்போம்!”

பால்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காசிமாயனால் தாங்க முடியவில்லை.

“மாப்ளே, காலையில பிரஷர் மாத்திரை போட்டியா?”

கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது.

“கத்துனா நம்ப மாட்டாய்ங்க மச்சான்,” என்றார் பால்பாண்டி அன்று சாயங்காலம். அவர் குரல் இறங்கியிருந்தது. “சீரு செய்முறைய முறிச்சாத்தான் ஊரு நம்பும். பாப்பா காதுகுத்துக்கு நீ வரக் கூடாது.”

 பால்பாண்டி - ராக்கு தம்பதிக்குப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை பவதாரணி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் என்று அந்தக் குழந்தைக்கு இருப்பவர் காசிமாயன் ஒருவர்தான். சீர்த்தட்டுக்குச் சேலையும் தோடும் எடுத்து, தாய்மாமனுக்கென்று தனக்கொரு பட்டுவேட்டியும் வாங்கி வைத்திருந்தார். வெட்டுக் குத்து நடந்த வீட்டில்கூட ஐந்து வருடம் கழித்து ராசியாகிவிடுவார்கள். சீர் கொண்டு போகாத தாய்மாமனுக்கு இந்தப் பக்கத்தில் மன்னிப்பே கிடையாது.

“வேற வழியில்லையா மாப்ளே?”

“போட்டி வேணுமா, வேண்டாமா?”

வைகாசியில் காதுகுத்து நடந்தது. மலைக்கோயிலில் மேளச்சத்தம் கேட்டது. காசிமாயன் கொட்டகையில் உட்கார்ந்து சலித்த காயையே திரும்பத் திரும்பச் சலித்துக்கொண்டிருந்தார். மனைவி ஒச்சம்மாள் அடுப்பைக்கூட மூட்டவில்லை.

“புள்ள மாமன் மடியில்லாம காது குத்திக்கிருச்சாம். பூசாரி மடியில வச்சுக் குத்துனாகளாம். ஒனக்குத் துப்பாக்கி ஒரு கேடா?” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அவரோடு பேசவில்லை.

காதுகுத்துக்கு மறுநாள் ராக்கு கொட்டகை வாசலுக்கே வந்தாள். அவளுக்கு இந்த நாடகம் எதுவும் தெரியாது. இரண்டு கையிலும் மண்ணை அள்ளித் தூற்றினாள். “எனக்கு அண்ணன் செத்துட்டான்!” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ஊர் முழுக்க அதைப் பார்த்தது. காசிமாயன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே வலித்தது.

ஆனால் ஊர் நம்பிவிட்டது. அமுதவள்ளியும் நம்பிவிட்டார்.

“இப்ப சரி. என்ன துப்பாக்கி வாங்கப் போறீங்க? படம் இருக்கா?”

காசிமாயன் பெருமையோடு படத்தை நீட்டினார். அமுதவள்ளி அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“நுனியில என்ன மரை?”

“எடை மாட்டுறதுக்கு மேடம். நுனி துள்ளாம இருக்க.”

“இந்த மரையில சைலன்சரும் மாட்டலாம், தெரியுமா? சத்தமே கேக்காம ஒருத்தரைச் சுடலாம்.”

“ஐயோ, நான் எதுக்கு மேடம் சத்தமில்லாம சுடணும்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். தற்காப்புக்குச் சுடுறவன் ஊரைக் கூட்டத்தான் பாப்பான். சத்தம் வேணாம்னு நினைக்கிறவன் யாரு?”

காசிமாயன் பதறிப் போனார். உண்மையை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. ஓடிப் போய், லேத்துப் பட்டறையில் கடைந்து வைத்திருந்த அந்த எடையையே எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். பித்தளை. நீளமாக, உருளையாக, பளபளவென்று இருந்தது. ஒரு முனையில் மரை.

சின்ராசு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“சின்ராசு,” என்றார் அமுதவள்ளி மெதுவாக, “இதக் கைப்பற்றினதா எழுதுங்க.”

அன்றே காசிமாயனிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். பால்பாண்டி வீட்டுத் தெருப்பக்கம் போவதில்லை, அவருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. வாழ்நாளில் ஒரு கட்டெறும்பைக்கூட நசுக்காத அந்தக் கை அதில் கையெழுத்துப் போட்டது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். பால்பாண்டியும் போனை எடுக்கவில்லை. நாடகத்தை எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார் என்று காசிமாயன் அதற்கும் மெச்சிக்கொண்டார்.

ஆடி பிறந்தது. போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு காலையில் காசிமாயன் தலைமுழுகிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் போனார். அமுதவள்ளி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். சின்ராசு மட்டும் இருந்தார். பொழுதை வீணாக்காமல் காசிமாயன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“என்னாண்ணே இது?”

“உண்மைய எழுதிருக்கேன் தம்பி. எனக்குத் துப்பாக்கியும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். மனுவக் கிழிச்சுப் போட்ருங்க. பொய் சொன்னதுக்கு உள்ள வச்சாலும் சரி.”

“என்ன பொய்?”

“பால்பாண்டி எனக்கு எதிரியே இல்ல. எல்லாம் ரெண்டு பேரும் பேசிவச்சுச் செஞ்ச நடிப்பு. எனக்காகப் பொண்டாட்டிகிட்டக்கூட மறைச்சுட்டு, பெத்த புள்ள காதுகுத்தையே விட்டுக் குடுத்தான் தம்பி. அப்பிடி ஒரு ஆள எதிரின்னு எழுதுன இந்தக் கை அழுகிப் போகணும். இப்பவே சீர்த்தட்டோட போயி ராக்கு கால்ல விழப் போறேன். அவன மட்டும் இதுல இழுக்காதீக.”

 துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சின்ராசு காகிதத்தை ஒரு தடவை படித்தார். அலமாரியைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்து அதன் தேதியைப் பார்த்தார். மறுபடியும் காசிமாயனைப் பார்த்தார்.

“நடிப்பா? அண்ணே, உங்களால உயிருக்கு ஆபத்து, துப்பாக்கி வேணும்னு பால்பாண்டியண்ணே தை மாசமே மனுக் குடுத்து, ஆதாரம் பத்தாம கெடந்துச்சு. நீங்கதான் ஒண்ணொண்ணாக் கொண்டாந்து குடுத்தீக, முந்தாநாளு லைசென்சு வாங்கிட்டு, துப்பாக்கி வாங்க மதுரைக்கு வண்டி ஏறிட்டாரே!”