அத்தையின் கட்டிலும் உப்புத்தாள் மிஷினும்

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் மாமியாரின் கட்டில் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பொது உண்மையைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மிஷின் வாங்கி, ஓர் அறையைப் பூட்டி, என் கணவரின் அக்காவை நடுப்பகலில் ஜெபமாலையோடு மண்டியிட வைக்க வேண்டியிருந்தது.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் உப்பளம்தான். என் கணவர் சவரி அதில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார். நான் ஈசிஆர் ரோட்டோரம் 'மேரி ஜெராக்ஸ்' என்று என் பெயரிலேயே கடை வைத்திருக்கிறேன். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை கடைசிக் காலம் முழுக்கப் பின்னறையில் தன் தேக்குக் கட்டிலிலேயே கிடந்தார். ஊட்டியது, துடைத்தது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் நான். பதிலுக்கு ஒரு நல்ல வார்த்தை? ம்ஹூம். முதுகில் தைலம் தேய்த்தால், "ஏன்டீ, பாத்திரமா தேய்க்கிற?" என்பார்.

அவர் குறட்டை தெருவுக்கே தெரியும். முதலில் அரைக்கும். பிறகு மெலிந்து விசிலாகும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அது நிற்கும்போது பக்கத்து அறையில் நாங்களும் மூச்சை நிறுத்திக்கொள்வோம். மறுபடி அரைக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வரும்.

அவர் இறந்ததும் கட்டிலைப் பார்க்கச் சகிக்காமல் அதைக் கொட்டகையில் போட்டாயிற்று. உப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடந்ததில் பெயிண்ட் பொரிந்து, சொறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. இது எப்படியோ பொம்மையார்பாளையத்தில் இருக்கும் லில்லி அண்ணிக்கு (சவரியின் அக்கா, குரலிலேயே ஆளை உட்கார வைப்பவர்) தெரிந்துவிட்டது.

"எங்கம்மா கட்டிலை உப்பு மூட்டைகிட்ட போட்டவதானே நீ? வருஷப் பூசை முடிஞ்சதும் குட்டியானை வண்டி வச்சு நான் தூக்கிக்கினு போயிடுவேன். சொல்லிட்டேன்!" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு அந்தக் கட்டில் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் காலடியில் பாய் போட்டுத் தூங்காமல் கிடந்தவள் நான். அதை அண்ணி ஏற்றிக்கொண்டு போனால் நான் அங்கே கிடந்ததே பொய் என்று ஆகிவிடும்போல் இருந்தது. பூசைக்கு முன்னால் கட்டிலைப் புதுசு பண்ணி, அதே பின்னறையில் போட்டுவிட வேண்டும். அப்புறம் எந்த வாய் பேசுகிறது என்று பார்த்துவிடலாம்.

கூனிமேட்டில் ஒரு பாய் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மரம் தேய்க்கிற மிஷின் வேண்டும் என்றதும் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் உப்புத்தாள் பெல்ட்போல் சுற்றும், ஒன்றில் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது இஸ்திரிப் பெட்டிக்குத் தம்பி மாதிரி கைக்கு அடக்கமாக இருந்தது. முழு ஷீட் உப்புத்தாளை நாலாகக் கிழித்து, அடியில் வைத்து, இரண்டு பக்கமும் கிளிப்பில் மாட்ட வேண்டும்.

"வட்டம்தான் வேகமா எடுக்கும்க்கா. ஷீட்டு மிஷினு மெதுவாதான் போகும். பலகைன்னா பரவால்ல, வளைவு நெளிவுல ஏறாது" என்றார் பாய்.

நான் ஷீட் மிஷினையே எடுத்தேன். காரணம்? பேப்பர். வாழ்க்கையில் நான் நம்பும் ஒரே பொருள்.

"என்ன நம்பர் பேப்பர் வேணும்?"

இங்கேதான் என் தொழில் என் காலை வாரியது. ஜெராக்ஸ் கடையில் எழுபது நம்பர் பேப்பர் மெலிசு, நூறு தடிமன். நம்பர் குறையக் குறைய மென்மை. "இருக்கறதுலயே சின்ன நம்பர் குடுங்க பாய், அது அத்தை கட்டிலு" என்று உருக்கமாகச் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்பதாம் நம்பரைக் கொடுத்தார். உப்புத்தாளில் கணக்குத் தலைகீழ் என்பதும், நாற்பது என்பது மரத்தைச் சுரண்டிக் குதறுகிற சாதி என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? (கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது?)

பூசைக்கு முதல் நாள் காலையில் சவரியும் நானும் கட்டிலைப் பின்னறைக்குத் தூக்கி வந்தோம். அவர் உப்பளத்துக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை ஓட விட்டேன். கை, தோள், பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. நீலப் பெயிண்ட் போய் அடியில் பச்சை வந்தது. பச்சை போய் மரம் வந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பட்டன். அதை அமுக்கினால் விரலை எடுத்தாலும் மிஷின் நிற்காமல் ஓடும். கண்டுபிடித்தவளே நான்தான் என்கிற பெருமையோடு அமுக்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தையின் தைலம். பலகைக்குள் ஊறிக் கிடந்ததெல்லாம் சூட்டில் வெளியே வந்துகொண்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க அறை முழுக்க அவர் வந்து நின்றார். "பாத்திரமா தேய்க்கிற?" என்ற குரல் எங்கிருந்தும் வரவில்லை. வரவில்லை என்பதே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மிஷின் உறுமலை அடக்கிக்கொண்டு செத்தது. எனக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. அதை அப்படியே கட்டில் பலகைமேல் வைத்துவிட்டு, வெளியே வந்து, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். ப்ளக்கைப் பிடுங்கவில்லை. பட்டனையும் விடுவிக்கவில்லை. இரண்டும் அப்போது நினைவிலேயே இல்லை.

உச்சி வேளை. பாத்தியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் மட்டும் கானலில் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பி நின்றன. காக்கைகூட இல்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து சவரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே கறுப்புக் குடையோடு லில்லி அண்ணி.

"நாளைக்குன்னு இருந்தேன். மனசு கேக்கல, வந்துட்டேன். கட்டிலு எங்க?"

"சாப்பிட்டு பாக்கலாம் அண்ணி. சாவி எங்கியோ வச்சிட்டேன்" என்றேன், சாவி இடுப்பில் குத்த.

கூடத்தில் உட்கார்ந்தோம். ஃபேன் சுவிட்ச் போட்டபடியே இருந்தது, ஃபேன் சுற்றவில்லை. அண்ணி முந்தானையால் விசிறிக்கொண்டு என் குடும்ப லட்சணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாலாவது குறைக்கு வந்தபோது பூட்டிய அறைக்குள்ளிருந்து அது கேட்டது.

முதலில் அரைத்தது. பிறகு மெலிந்து விசிலானது. பிறகு சட்டென்று நின்றது.

மூன்று பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டோம். எங்களை அறியாமல், பழைய பழக்கத்தில்.

மறுபடி அரைத்தது.

"கரண்ட்டு வந்துடுச்சா?" என்றார் சவரி, ஃபேனைப் பார்த்தபடி. ஃபேன் அசையவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் எது ஓடும்? எனக்கு மிஷின் ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லை என்பதால் அந்த ஞாபகமும் உதவவில்லை. உள்ளே கட்டில் கால் தரையில் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. கதவுக்கு அடியிலிருந்து வெள்ளையாய்ப் பொடி, மூச்சு விடுவதுபோல் விட்டு விட்டு வந்தது. அதோடு தைல வாசனையும்.

"யம்மா தைலம்!" என்று அலறிய அண்ணி, கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றிக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"யம்மா, லில்லி வந்திருக்கேம்மா. கோச்சுக்காதம்மா."

குறட்டை நின்றது. அதுதான் மோசம். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

சவரி முந்திக்கொண்டார். "யம்மா, கொட்டாய்ல போட்டது நான்தாம்மா! மேரி வேணாம்னுதான் சொன்னா. அக்கா கேட்டப்போ மேரிதான் போட்டான்னு வாய் தவறி சொல்லிட்டேன்!"

அந்தப் பயத்திலும் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தேன். (அந்த முறைப்பு இன்னும் முடியவில்லை.)

உள்ளே மறுபடி அரைத்தது, முன்னைவிடக் கோபமாக. அண்ணி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

"நீ சொன்னத நான் சொல்லலம்மா. கட்டிலு மேரிக்குதான்னு சொன்னியே. 'பெத்த பொண்ணு நீ எட்டிப் பாக்கல, வந்தவதான் என் பீயும் மூத்திரமும் அள்ளினா, அவ இல்லன்னா நான் நாறிப்போயிருப்பேன்'னு சொன்னியே. எனக்கு வயித்தெரிச்சல்மா. அதான் யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சிடும்மா!"

எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. உள்ளே இருப்பது பேயோ பிசாசோ, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. இத்தனை நாள் அந்தக் கட்டிலடியில் உட்கார்ந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை, பூட்டிய கதவுக்கு வெளியே அண்ணியின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. விம்மி விம்மி அழுதேன். அத்தை செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அப்போது உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே பூட்டைத் திறந்தேன். அறை முழுக்கப் பொடி பறந்துகொண்டிருந்தது. மிஷின் தரையில் கருகிய வாடையோடு கிடந்தது. தலைமாட்டுப் பலகையில், சரியாகத் தலையணை வைக்கும் இடத்தில், ஒரு தலை அழுந்திக் கிடந்ததுபோல் பள்ளம் விழுந்திருந்தது.

பிறகு எல்லாம் விளங்கியது. எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ். பின்னறை ஃபேஸில் மட்டும் கரண்ட் திரும்பியிருக்கிறது, அதுவும் லோ வோல்டேஜில். உப்புக் காற்றில் அரித்துப்போன ப்ளக் பாயிண்ட் விட்டு விட்டுத் தொட்டதில் மிஷின் ஓடி ஓடி நின்றிருக்கிறது. நகர்ந்து போய்த் தலைமாட்டில் முட்டி, நாற்பதாம் நம்பர் தாளோடு அங்கேயே குதறிவிட்டுக் கீழே விழுந்திருக்கிறது. இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன்.

அண்ணி சுவரைக் காட்டினார். "ப்ளக்கே மாட்டல. எப்படிடீ ஓடும்?"

"விழும்போது அதுவே புடுங்கிக்கிச்சு அண்ணி."

"எங்கம்மா கொறட்டை எனக்குத் தெரியாதா? மிஷினாம் மிஷினு! கட்டிலு உனக்குதான்னு அவங்களே வந்து சொல்லிட்டாங்க. நீயே வச்சுக்க தாயி." மறுநாள் பூசையில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை. பாசமா பயமா, நான் கேட்கவில்லை.

கட்டில் பின்னறையில்தான் இருக்கிறது. எந்தத் தச்சர் வந்தாலும் அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்ப நான் விட்டதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் வந்தால் யாரும் "கரண்ட் வந்துடுச்சு" என்று சொல்வதில்லை. "அம்மா எழுந்துட்டாங்க" என்பார் சவரி. பொம்மையார்பாளையத்திலும் அதையே சொல்கிறார்கள், அங்கே மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு.

போன மழையில் கரண்ட் போனபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். திரும்பி வந்ததும் பின்னறை வாசல்வரை போனேன். ப்ளக் பாயிண்டில் எதுவும் மாட்டியில்லை என்று பார்த்துக்கொண்டு, "எழுந்துட்டீங்களா அத்தை? சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. நான் பயப்படவும் இல்லை. பதில் வந்திருந்தால் எப்படியும், "நேத்து வச்ச கொழம்புல உப்பு பத்தலடீ" என்றுதான் வந்திருக்கும்.